மண்ணில் எழுதிய கவிஞர் மகன்: சிற்பி இசாமு நொகுச்சியின் வாழ்வு

சிலையைக் காண்போர் சிலையைக் காண்பர்; அது நிற்கும் தரையைக் காண்பதில்லை. கீழே பீடம், அதன்மேல் உருவம் என்னும் அமைப்பு உலகெங்கும் வேரூன்றிய ஒன்று. அப்பீடத்தை அகற்றிவிட்டுத் தரையையே உருவமாகக் கண்டவர் சிலரே. மலையும் மணலும், ஆறும் பாறையும், உழுத நிலமும் தரிசும் சிற்பத்தின் பாடுபொருளாக நிற்பதோடு அமையாமல் சிற்பமாகவே ஆக வேண்டும் என்று முயன்ற 20ஆம் நூற்றாண்டுக் கலைஞருள் முன்னோடியாகத் திகழ்ந்தவர் இசாமு நொகுச்சி (1904-1988).

கவிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தும் தந்தையின் பெயரைத் தாங்குவதற்கே தயக்கத்தோடு நிற்க வேண்டியிருந்தவர் அவர். அமெரிக்கா, ஜப்பான் என்னும் இரு நாடுகளின் குருதியும் அவரிடம் ஓடியது. இரு நாடுகளும் அவரை அயலாராக நடத்திய காலமும் இருந்தது. தமக்கென நிலைத்த இடம் வாய்க்காத ஒருவர், பிறர் நடக்கவும் அமரவும் விளையாடவும் நிலம் சமைத்துத் தந்த வரலாறே அவர் வாழ்க்கை வரலாறாகும்.

பிறப்பும் பெயரும்

இசாமுவின் தந்தை யோனே நொகுச்சி, ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் பெயர் பெற்ற ஜப்பானியர். 1935இல் இந்தியாவிற்கு வந்து உரையாற்றியவர். சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த போரைக் குறித்து 1938இல் இரவீந்திரநாத் தாகூருக்கும் அவருக்கும் இடையே நிகழ்ந்த கடுமையான மடல் போர் இலக்கிய உலகம் அறிந்ததே. தாய் லியோனி கில்மோர் அமெரிக்கர், கற்றறிந்தவர், யோனேயின் ஆங்கில எழுத்துகளைச் செம்மை செய்து தந்தவர். 1904 நவம்பர் 17ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இசாமு பிறந்தபோது தந்தை அருகில் இல்லை. அவர் ஏற்கெனவே ஜப்பானுக்குத் திரும்பியிருந்தார்.

1907இல் தாயும் மகனும் ஜப்பான் சென்றனர். ஆயின் தந்தைக்கு அங்கு வேறு குடும்பம் அமைந்தது. தாய் ஆசிரியப் பணி செய்து மகனை வளர்த்தார். சிகாசாகி என்னும் கடற்கரை ஊரில் அவர் சிறு வீடொன்று கட்டினார். அவ்வீட்டின் வேலையில் சிறுவனையும் ஈடுபடுத்தினார். தச்சரிடம் உளி பிடிக்கவும் மரம் இழைக்கவும் இசாமு கற்றது அந்நாளில்தான். கலப்பினக் குழந்தை என்று ஊரார் ஒதுக்கிய அச்சிறுவனுக்குக் கடலும் மணலும் தோட்டமும் தோழமையாயின.

1918இல், 13 வயதில், அவர் தனியாகக் கப்பலேறி அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திற்கு அனுப்பப்பட்டார். சேர்ந்த பள்ளி விரைவில் படைப்பயிற்சி முகாமாக மாறிவிட்டது. பிறர் ஆதரவில் வளர்ந்து, தாயின் குடும்பப் பெயரோடு 1922இல் பள்ளிப் படிப்பை முடித்தார்.

அவ்வாண்டில் கட்ஸன் போர்க்லம் என்னும் புகழ்பெற்ற சிற்பியிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். இவ்விளைஞரால் ஒருபோதும் சிற்பியாக முடியாது என்று கூறி அனுப்பிவிட்டார் போர்க்லம். அதே போர்க்லம் பின்னர் ரஷ்மோர் மலையை வெடிவைத்துத் தகர்த்து, அமெரிக்க அதிபர் நால்வரின் முகங்களை அதில் செதுக்கினார். ஆசிரியர் மலையை முகமாக்கினார். அவர் தள்ளிவிட்ட மாணவரோ, வாழ்நாள் முழுவதும் மலையை மலையாகவே சமைக்க முயன்றார். இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலுள்ள தொலைவு 20ஆம் நூற்றாண்டுச் சிற்பக்கலை கடந்து வந்த தொலைவு எனலாம்.

கல்லின் இயல்பைக் கற்றல்

மருத்துவம் பயிலக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இசாமுவை மீண்டும் சிற்பத்தின்பால் திருப்பியவர் தாயே. 1924இல் நியூயார்க்கிலுள்ள லியனார்டோ டா வின்சி கலைப்பள்ளியில் மாலை வகுப்பில் சேர்ந்தார். சிற்பி என்று தம்மை அறிவித்துக்கொண்டபோது அவர் தேர்ந்துகொண்ட பெயர் நொகுச்சி என்பதாகும். தாய் தந்த வாழ்வோடு தந்தை தராத பெயரை அவரே சேர்த்துக்கொண்டார்.

1927இல் குகன்ஹைம் உதவித்தொகை பெற்றுப் பாரிசு சென்று, உருமேனியச் சிற்பி பிரான்குசியிடம் சில மாதங்கள் உதவியாளராக இருந்தார். ஒருவர் பேசும் மொழியை மற்றவர் நன்கறியார். ஆயினும் இரம்பத்தைப் பிடிக்கும் முறை, கல்லைச் சீராக வெட்டும் முறை, கருவியைப் பேணும் முறை ஆகியவற்றைக் கண்ணால் கற்றார். கல்லின்மேல் நம் எண்ணத்தைத் திணித்தலாகாது. கல்லின் இயல்பு எதுவோ அதனை வெளிக்கொணர வேண்டும் என்னும் பாடம் அங்கே கிடைத்தது.

நியூயார்க் திரும்பியபின் பிழைப்பிற்காகப் பலருடைய தலைகளைச் சிலையாக வடித்தார். அப்பணத்தில் 1930இல் ஆசியா நோக்கிப் புறப்பட்டார். நொகுச்சி என்னும் பெயருடன் ஜப்பானுக்கு வர வேண்டாம் எனத் தந்தை எழுதிய மடல் அவரைச் சென்றடைந்தது. ஆதலால் முதலில் பீகிங் சென்று சீ பைஷி என்னும் ஓவிய மேதையிடம் தூரிகை பயின்றார். 1931இல் ஜப்பானுக்குச் சென்று தந்தையைக் கண்டார். அச்சந்திப்பு இனியதாக அமையவில்லை. மனம் நொந்தவராய்க் கியோட்டோ சென்று, குயவர் ஊனோ ஜின்மாட்சுவிடம் களிமண் பிசைந்தார். பண்டைக் கல்லறை மேடுகளிலிருந்து கிடைத்த சுடுமண் உருவங்களையும், பாறையும் மணலுமே பாடலாக அமைந்த மடாலயத் தோட்டங்களையும் அப்போது கண்டார். தந்தை மறுத்ததைத் தந்தையின் மண் கொடுத்தது.

ஏளனம் செய்யப்பட்ட மலை

1933இல் அவர் வரைந்த இரு திட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, கலப்பைக்கு ஒரு நினைவுச்சின்னம். மண்ணால் ஆன மாபெரும் மும்முகக் கூம்பு. அதன் பக்கங்களில் ஒருபால் உழுசால், ஒருபால் கோதுமை, ஒருபால் தரிசு. உச்சியில் எஃகுக் கலப்பை. படைத்தலைவர்க்கும் அதிபர்க்கும் சிலை எடுத்த நாட்டில் உழவுக்கருவிக்குச் சின்னம் எடுக்க நினைத்தவர் அவர். அது கட்டப்படவில்லை.

மற்றொன்று விளையாட்டு மலை. நியூயார்க் நகரின் ஒரு கட்டடத் தொகுதி அளவு நிலத்தை அப்படியே உயர்த்திப் படிகளும் சரிவுகளும் உள்ள மலையாக ஆக்குதல். கோடையில் நீர் வழிந்தோடவும், குளிர்காலத்தில் பனியில் குழந்தைகள் சறுக்கி விளையாடவும் வழிசெய்தல். இத்திட்டத்தை 1934இல் நகரப் பூங்காத்துறைத் தலைவர் ராபர்ட் மோசஸிடம் காட்டினார். மோசஸ் நகைத்து அனுப்பிவிட்டார். ஏணி, ஊஞ்சல், சறுக்குமரம் என்று இரும்பில் அடுக்கிய விளையாட்டிடங்களே போதும் என்று இருந்த காலம் அது. மோசஸ் நகைத்த அத்திட்டம் எங்கே, எப்போது நிறைவேறியது என்பதைப் பின்னர்க் காணலாம்.

முள்வேலிக்குள் ஒரு பூங்கா

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942இல் அமெரிக்க மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் ஆகியவற்றை விட்டு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். நியூயார்க்கில் வாழ்ந்த நொகுச்சிக்கு அவ்வாணை பொருந்தாது. எனினும் அவர் தாமாகவே விரும்பி, மே மாதத்தில் அரிசோனா பாலைநிலத்திலிருந்த போஸ்டன் முகாமிற்குள் சென்றார். அடைபட்ட மக்களுக்குப் பூங்காவும் நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும் இடுகாடும் அமைத்து, அவ்விடத்தை மனிதர் வாழத் தக்கதாக்கலாம் என்பது அவர் எண்ணம். விரிவான வரைபடங்களும் வரைந்தார்.

ஆட்சியாளர் அவற்றுள் எதையும் நிறைவேற்றவில்லை. சிறையைத் தோட்டமாக்கும் எண்ணம் அவர்களிடம் இல்லை. முகாமிலிருந்த மக்களும் அவரை ஐயத்தோடு நோக்கினர். வெளியே போகக்கூடியவர் ஏன் உள்ளே வந்தார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. தாமாக உள்ளே வந்தவர் தாமாக வெளியேற முடியவில்லை. விண்ணப்பம் செய்து பல மாதம் காத்திருந்து நவம்பரில்தான் வெளியே வந்தார். அரிசோனாவின் வெயிலும் புழுதியும் எல்லையற்ற வெற்றுநிலமும் அவர் உள்ளத்தில் தங்கின.

1945இல் அணுகுண்டு வீழ்ந்தது. 1947இல் செவ்வாயிலிருந்து காண்பதற்கான சிற்பம் என்னும் மாதிரியை மணலில் செய்து படம் எடுத்தார். பாலைநிலத்தில் மண்ணைக் குவித்து அமைக்கும் மனித முகம். அதன் மூக்கு மட்டும் ஒரு மைல் நீளம். மனிதகுலம் அழிந்தபின்னும், இங்கே மனிதன் என்றொருவன் இருந்தான் என்று வானுக்கு அறிவிக்கும் சின்னமாக அதனைக் கருதினார். அவர் படைப்புகளுள் இதனினும் துயரமானது வேறில்லை.

ஜந்தர் மந்தரும் ஹிரோஷிமாவும்

தந்தை 1947இல் மறைந்தார். 1949இல் பாலிங்கன் நிறுவனத்தின் உதவித்தொகையுடன் நொகுச்சி உலகப் பயணம் புறப்பட்டார். மக்கள் கூடிக் களிக்கும் பொது இடங்களை ஆராய்வதே நோக்கம். ஐரோப்பா, எகிப்து, இந்தியா, இந்தோனேசியா என்று சென்றார். இந்தியாவில் அவரைப் பெரிதும் கவர்ந்தவற்றுள் ஒன்று, மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடம். வானத்தை அளக்க எழுந்த படிகளும் வளைவுகளும் பெருஞ்சிற்பமாகவும் நிற்பதைக் கண்டு பல ஒளிப்படங்கள் எடுத்தார். பயன்பாடும் அழகும் பிரிக்க முடியாதன என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டார். 1986இல் வெனிசுக் கலைக்கண்காட்சியில் வெள்ளைச் சலவைக்கல்லில் அவர் நிறுவிய சுழல் சறுக்கு மேடைக்கு ஸ்லைடு மந்த்ரா என்று பெயரிட்டது இந்த ஈடுபாட்டின் தொடர்ச்சியே.

1950இல் ஜப்பான் அவரை வரவேற்றது. தந்தை பல்லாண்டு பணியாற்றிய கெயோ பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாக ஓர் அறையையும் தோட்டத்தையும் வடிவமைத்தார். வாழ்நாளில் கிட்டாத உறவைக் கல்லிலும் மரத்திலும் அவர் இவ்வாறு ஈட்டிக்கொண்டார். ஹிரோஷிமாவின் அமைதிப் பூங்காவை ஒட்டிய இரு பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர்கள் அமைத்தார். ஒன்று வாழ்வையும் மற்றொன்று சாவையும் குறித்தன. பின்னர் அவற்றிற்கு ஆக்குதல், செல்லுதல் என்னும் பொருள்படும் பெயர்கள் வழங்கலாயின.

அடுத்து, குண்டுவீச்சில் இறந்தோர்க்கான நினைவுச்சின்னத்தை வடிவமைக்கும் பணி வந்தது. கருங்கல் வளைவு ஒன்று மண்ணுக்குள் வேர்விட்டு இறங்க, நிலத்தடி அறையில் இறந்தோர் பெயர்கள் வைக்கப்படுவதாக அவர் திட்டமிட்டார். 1952இல் அது மறுக்கப்பட்டது. குண்டை வீசிய நாட்டின் குடிமகன் என்பதே காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது. பத்தாண்டு முன்பு ஜப்பானியர் வரிசையில் நின்று முகாமிற்குள் சென்றவர், இப்போது அமெரிக்கர் என்று விலக்கப்பட்டார்.

இதே காலத்தில் கிஃபூ நகரில் மீன்பிடி விளக்குகளைக் கண்டு, முசுக்கட்டை மரப்பட்டைத் தாளும் மூங்கில் வரிச்சும் கொண்டு அகாரி என்னும் விளக்குகளைப் படைக்கத் தொடங்கினார். வீட்டுப் பொருள் என்று திறனாய்வாளர் சிலர் அவற்றை ஏளனம் செய்தனர். எளியோர் வீட்டிற்குள்ளும் சிற்பம் நுழைய வேண்டும் என்னும் கொள்கையை அவர் கைவிடவில்லை.

கற்களின் கடற்பயணம்

1956 முதல் 1958 வரை பாரிசில் யுனெஸ்கோ தலைமையகத்திற்குத் தோட்டம் அமைத்தார். தோட்டக்கலை வல்லுநர் ஷிகெமோரி மிரெய் துணையுடன் ஷிகோகு தீவில் கற்களைத் தேர்ந்து கப்பலில் கொண்டு சென்றார். 1964இல் நிறைவுற்ற இரு நியூயார்க், யேல் படைப்புகள் ஒன்றற்கொன்று எதிரானவை. நியூயார்க்கின் வங்கி முற்றத்தில், கியோட்டோ அருகே ஓடும் உஜி ஆற்றின் நீர் அரித்த கரும்பாறைகளைப் பள்ளத்தில் நிறுத்தி நீர் பாய்ச்சினார். யேல் பல்கலைக்கழக நூலகத்தின் தாழ்ந்த முற்றத்திலோ ஒரு செடியுமில்லை. வெண்சலவைக்கல்லில் பிரமிடு, வட்டம், கனசதுரம் ஆகிய மூன்று வடிவங்களே. ஒன்றில் ஆறு செதுக்கிய கல். மற்றொன்றில் அறிவு செதுக்கிய கல்.

1960களின் பிற்பகுதி முதல் ஷிகோகுவில் கல்தச்சர் நிறைந்த முரே என்னும் ஊரில் ஆண்டின் ஒரு பகுதியைக் கழித்தார். கல்தச்சர் மரபில் வந்த இசுமி மசாடோஷி அவருக்குத் துணையானார். பெருங்கல்லில் சில இடங்களை மட்டும் வெட்டி, எஞ்சியதை மழையும் வெயிலும் தந்த பழுப்புத் தோலுடன் விட்டுவிடும் முறை அங்கே உருவாயிற்று. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதே அம்முறையின் கடினமான பகுதி. சொல்லாமல் விட்டதில் பொருளை நிறுத்தும் கவிஞர்க்கு இது எளிதில் விளங்கும்.

திணைகள் கூடிய முற்றம்

புவியின் வளங்களையே பொருளாகக் கொண்ட அவருடைய நிலச்சிற்பங்களுள் தலையாயது கலிபோர்னியக் காட்சி என்பதாகும். 1980இல் தொடங்கி 1982இல் நிறைவுற்றது. கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரில் கண்ணாடி அலுவலகக் கோபுரங்களுக்கும் வாகன நிறுத்தக் கட்டடங்களின் வெண்சுவர்களுக்கும் இடையே 1.6 ஏக்கர் பரப்பு. முன்பு லைமா அவரை விளைந்த வயல் அது.

சுமார் 30 அடி உயர முக்கோண மணற்கல்லிலிருந்து நீர் வழிகிறது, அது நீர்மூலம். அங்கிருந்து கற்றளத்தின் குறுக்கே வளைந்தோடும் ஓடை, பளபளப்பாக்கிய வெண்கல் வடிவம் ஒன்றன் அடியில் மறைகிறது; அது நீர்ப்பயன். மலையில் கரடுமுரடாகப் பிறந்த நீர், மனிதர் கைப்பட்டவுடன் வழவழப்பான கல்லுக்குள் காணாமற்போகும் இவ்வமைப்பு, நீரைத் தொலைவிலிருந்து கொணர்ந்து வாழும் அம்மாநிலத்தின் கதையையே கூறுகிறது. கள்ளி முளைத்த வட்டமேடு பாலை. செம்மரச் சரிவு காடு. பசுங்கொடி படர்ந்த மேட்டின்மேல் அமைந்த கல் நிலப்பயனைக் குறிக்கிறது. கூம்பு வடிவ நீரூற்று ஆற்றலைக் குறிக்கிறது. ஓரிடத்தில், முரேயில் வெட்டி ஒன்றோடொன்று இசையப் பொருத்திய 15 பாறைகள், லைமா அவரையின் ஆன்மா என்னும் பெயருடன் அந்நிலத்தில் உழைத்த உழவர்களை நினைவூட்டுகின்றன.

நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு, அதனோடு கருப்பொருளையும் மனித உணர்வையும் இணைத்துக் கண்ட திணைமரபில் பயின்றோர்க்கு இம்முற்றம் அந்நியமாகத் தோன்றாது. அம்மரபை நொகுச்சி அறிந்திருந்தார் என்று கூற இடமில்லை. எனினும் ஒரு நிலத்தைக் கூறினாலே அங்கு வாழ்வார் நிலையும் கூறப்பட்டதாகும் என்னும் உண்மையை அவர் தம் வழியில் கண்டடைந்தார்.

ஒரு முரணையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். நீரின் அருமையைக் கூறும் இப்படைப்பு, வயலை அழித்து எழுந்த வணிக வளாகத்தின் நடுவே, அந்நிலத்திற்குரிய செல்வரின் பொருளால் அமைந்தது. அதன் கற்களுள் சில கடல் கடந்து வந்தவை. மண்ணின் கலைஞர் வங்கிகளையும் பெருநிறுவனங்களையும் சார்ந்தே பணியாற்ற நேர்ந்தது. குழந்தைகளுக்காக அவர் கேட்ட நிலத்தை நகரங்கள் தரவில்லை. கட்டடக்கலைஞர் லூயி கானுடன் 1961 முதல் ஐந்தாண்டு பாடுபட்டு வரைந்த நியூயார்க் ஆற்றங்கரை விளையாட்டிடமும் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் அவர் வாழ்நாளில் அமைந்த விளையாட்டிடம் அட்லாண்டா நகரில் 1976இல் திறக்கப்பட்ட ஒன்றே. ஆதலின் இம்முரணில் பழியின் பெரும்பகுதி அவரைச் சாராது.

குப்பை மலையான கதை

1985இல் நியூயார்க்கில் தம் படைப்புகளுக்கென அருங்காட்சியகம் ஒன்றைத் தாமே நிறுவித் திறந்தார். வாழ்க்கை நிறைவுற்றதெனப் பிறர் கருதியிருக்கக்கூடும். 1988இல் ஜப்பானின் வடகோடியிலுள்ள சப்போரோ நகரம் அவரை அழைத்தது. மோரெனுமா என்னும் இடத்தில் ஆறு வளைந்து சூழ்ந்த சதுப்புநிலம், நகரத்தின் குப்பை கொட்டுமிடமாக இருந்தது. பிற இடங்களையும் காட்டினார்கள். அவர் குப்பைமேட்டையே தேர்ந்தார். மனிதர் பாழாக்கிய நிலத்தை மனிதரே மீட்க வேண்டும். அதுவே சிற்பியின் கடமை என்று கருதினார்.

ஏறத்தாழ 189 ஹெக்டேர் நிலப்பரப்பு முழுவதையும் ஒரே சிற்பமாக அவர் வகுத்தார். குப்பையும் கட்டட மண்ணும் குவித்து எழுப்பும் மோரே மலை. அதனருகே 30 மீட்டர் உயரத்தில் மற்றொரு மலை. அம்மற்றொன்றே 1934இல் மோசஸ் நகைத்த விளையாட்டு மலை. நவம்பரில் தம் 84ஆம் பிறந்தநாளையொட்டி மாதிரியை முடித்தார். டிசம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். அவர் சாம்பலின் ஒரு பகுதி முரேயிலும் ஒரு பகுதி நியூயார்க்கிலும் வைக்கப்பட்டன. இரு நாடுகளுக்கும் இடையே கழிந்த வாழ்வு அவ்வாறே இரண்டிலும் அடங்கிற்று.

நகரத்தார் பணியைக் கைவிடவில்லை. நெடுநாள் துணைவரான கட்டடக்கலைஞர் ஷோஜி சடாவோ முதலியோர் வழிகாட்ட, 27 இலட்சம் டன் குப்பை புதைந்த நிலத்தின்மேல் புல்லும் மரமும் வளர்ந்தன. 2005இல் பூங்கா முழுமையாகத் திறக்கப்பட்டது. 71 ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலக அறையில் நகைப்புக்குள்ளான மலையின் சரிவில் குழந்தைகள் பனிக்காலத்தில் சறுக்கி விளையாடுகின்றனர். அங்கே விளையாடும் குழந்தைகளுக்குச் சிற்பியின் பெயர் தெரிய வேண்டுவதில்லை.

தந்தை சொல்லால் கவிதை செய்தார். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள அச்சொல் உதவவில்லை. மகன் மண்ணால் கவிதை செய்தார். எந்த நாட்டினர் என்று கேட்காமல் எவர் பாதத்தையும் தாங்குவது மண். மறுக்கப்பட்ட பெயருக்காகவும் மறுக்கப்பட்ட சின்னங்களுக்காகவும் அவர் கசந்து ஒதுங்கியிருந்தால் மோரெனுமா இன்றும் குப்பைமேடாகவே இருந்திருக்கும். நிராகரிக்கப்பட்ட ஒரு படைப்பை அரைநூற்றாண்டுக்கு மேல் உள்ளத்தில் காத்து, உரிய நிலம் கிடைத்தபோது மீண்டும் எடுத்து வைத்த அந்தப் பொறுமை, படைப்பாளர் யாவரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.